எட்டு வரிகளில் இரண்டாவது வரி

ஈப்போ,
புதன்கிழமை காலை.

தைப்பிங்கில் மழை விட்டிருக்கும் நேரம் பார்த்து இக்கடிதம் கைக்கு வரவேண்டும் என்ற வேண்டுதலோடு, என் மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் தேவன் அவர்களுக்கு, தங்கள் தங்கை குமுதாவின் கணவன் மகேந்திரன் வணங்கி எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு தாங்களும் அக்காவும் அத்தையும் மகள் தினேஸ்வரியும் சுகமாக இருக்கவேண்டும். அத்தைக்குப் பிரஷர் இறங்கியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அது நூற்றெண்பதைத் தொட்டது என்று கேள்விப்பட்டேன். தொட வைத்தது நான்தான் என்பதையும் சேர்த்தே கேள்விப்பட்டேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். நீங்கள் என்னை வாட்சாப்பில் ப்ளாக் பண்ணிவிட்டீர்கள். குடும்பக் குழுவிலிருந்து தூக்கிவிட்டீர்கள். போன் அடித்தால் ஒரு மணியோடு கட்டாகிறது. தபால்காரரை ப்ளாக் பண்ண வழியில்லை என்பதால் இந்த வழி.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீங்கள் படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை. நீங்கள் கேட்டபடி மறுப்பு அறிவிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் சரி என்று சொன்னால் வருகிற ஞாயிறு பேப்பரில் வந்துவிடும். குமுதா குறட்டை விடவில்லை. ஒருநாளும் விட்டதில்லை. ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் உங்கள் வீட்டில் நடக்கும் வருஷப் பூஜைக்கு நான் வரவேண்டும் மச்சான். அவளுக்குப் படையல் போடும்போது நான் வாசலில் நிற்கக்கூடாது, உள்ளே நிற்கவேண்டும். அதற்கு எதை மறுக்கவேண்டுமோ மறுக்கிறேன்.

ஆனாலும் இது எப்படி நடந்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. போனில் நீங்கள்தான் பேசினீர்கள், நான் "மச்சான்... மச்சான்..." என்று பதினோரு தடவை சொன்னேன், கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், அவ்வளவுதான். அதனால் இப்போது சொல்கிறேன்.

போன மாதம் நீங்கள்தான் போன் பண்ணி, "மகேன், வருஷம் வரப்போவுது, பேப்பர்ல நினைவஞ்சலி போடணும். கால் பக்கம், கலர்ல போடு. நம்ம வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. கீழ கவிதை நல்லதா பாத்துப் போடு" என்றீர்கள். நல்லதா என்பதை நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். முந்தின வாரச் சனிக்கிழமை அப்பாவு அண்ணன் கடைக்குப் போனேன். அவரை உங்களுக்குத் தெரியாது. பூக்கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்துகொண்டு ஈப்போ வட்டாரத்து நினைவஞ்சலி அத்தனையும் பேப்பருக்கு அனுப்புகிறவர். முப்பது வருஷமாக அதே நாற்காலி. அவரிடம் ஒரு தடித்த பைல் இருக்கிறது, அதில் கவிதைகளுக்கு நம்பர் போட்டு வைத்திருக்கிறார். அப்பாவுக்கு மூன்று, அம்மாவுக்கு ஒன்பது, வயதாகிப் போனவர்களுக்கு ஐந்து, திடீரென்று போனவர்களுக்கு இருபத்தொன்று.

"மனைவிக்கா தம்பி? பதினாலு. கண்ண மூடிக்கிட்டுப் பதினாலு போடுங்க. நல்லா ஓடுற நம்பர்" என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

'குலம் காத்த குத்துவிளக்கே, கூடு விட்டுப் போனதெங்கே' என்று ஆரம்பித்து, கண்ணீர்க் கடலில் போய் முடிந்தது. அதே பதினாலைத்தான் முந்தின ஞாயிறு தொண்ணூற்றிரண்டு வயதுப் பாட்டிக்கும் போட்டிருந்தார்கள், அதற்கு முந்தின ஞாயிறு ஒரு லாரி முதலாளிக்கும் போட்டிருந்தார்கள், குத்துவிளக்கே என்ற இடத்தில் மட்டும் குலத்தலைவா என்று மாற்றி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான், குமுதா குத்துவிளக்கு இல்லை. கரண்டு போனால் மெழுகுவத்தி தேடி எடுப்பதற்குள் மூன்று பாத்திரத்தை உருட்டி, ஒரு தடவை கால் இடித்து, என்னை இரண்டு தடவை திட்டுகிற ஆள் அவள். உங்களுக்குத் தெரியாததா?

"சொந்தமா எழுதலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதலாம். எட்டு வரி. அதுக்கு மேல எடம் இல்ல. என்னா வேல பாக்குறீங்க?"

"ஏர்கோன் டெக்னிஷியன்."

"பதினாலே போடுங்க தம்பி" என்றார்.

அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்டிருந்தால் அத்தைக்குப் பிரஷர் ஏறியிருக்காது. கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்தேன். 'அன்பே' என்று எழுதினேன். அவளை நான் ஒருநாளும் அன்பே என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட்டிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். அடித்துவிட்டேன். 'நிலவே' என்று எழுதினேன். அதுவும் சரிவரவில்லை. நான் அழவில்லை என்று சாவு வீட்டிலேயே எல்லாரும் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அத்தனை பேர் அழும்போது நான் ஏணி போட்டு ஹாலில் இருந்த காற்றாடியின் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. அது ஆடியது மச்சான். கீழே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு நாள் டெங்கிக் காய்ச்சலில் ஒரு ஆள் இல்லாமல் போனதற்கு நான் என்ன செய்யமுடியும் என்று தெரியவில்லை, காற்றாடிக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த ஒரு வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன். உள்ளே கேஸ் இல்லாத ஏர்கோன் மாதிரி, காற்று வருகிறது, குளிரவில்லை.

நாலாம் நாள்தான் ஒன்று தோன்றியது. எனக்கு எழுதத் தெரிந்தது சர்வீஸ் ரிப்போர்ட் ஒன்றுதான். போலிடெக்னிக்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே காதால் கேட்பதுதான். மெஷினைத் திறக்காதே, முதலில் கேள். எத்தனை மணிக்குச் சத்தம், எங்கிருந்து, எப்படிப்பட்டது, எவ்வளவு நேரம். அதை எழுது. ஒரு மெஷின் நின்றுபோனால் அது ஓடிய காலத்தில் என்ன சத்தம் போட்டது என்று தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் எங்கே கோளாறு என்று எவனும் சொல்லமுடியாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக எல்லாச் சத்தமும் நின்றுபோய் இருக்கிறது. அதனால் ஓடிய சத்தத்தை எழுதினேன். எழுத எழுத எனக்கே திடுக்கென்றது. என் போனில் கம்ப்ரசர் சத்தம், மோட்டார் சத்தம், தண்ணீர் சொட்டுகிற சத்தம் என்று நானூறு ரெக்கார்டிங் இருக்கிறது, பழுது பார்க்க உதவும் என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். குமுதா சத்தம் ஒன்றுகூட இல்லை. அவள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பமாட்டாள், வேலை பார்த்த கிளினிக்கில் நோயாளிகள் இருப்பார்கள் என்று எழுதித்தான் அனுப்புவாள். ஆக, எல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. எட்டு வரி வந்தது. பேப்பரில் நீங்கள் கோபத்தோடு படித்திருப்பீர்கள், நிதானமாகப் படிக்க மறுபடி தருகிறேன்:

காலை 5.40. அலாரம். மூன்று முறை. எழுந்து அணைப்பது நான்.
குறட்டை. மெலிந்தது. மூச்சு உள்ளே போகும்போது மட்டும்.
செருப்பு. வலது கால் மட்டும் தரையில் இழுபடும்.
குளியலறையில் பாட்டு. பல்லவி தெரியாது, சரணம் மட்டும்.
மிக்சி. அதற்கு மேல் என்னைத் திட்டும் குரல்.
மாலை 6.15. கேட்டருகே பைக்குள் சாவி தேடும் சத்தம்.
கோபம் என்றால் அலமாரிக் கதவு. இரண்டு முறை.
தற்போது சத்தம் ஏதுமில்லை. கோளாறு கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்பாவு அண்ணனுக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிஷத்தில் போன் அடித்தார்.

"தம்பி, கண்ணீர் எங்க?"

"அது சத்தம் போடாதுண்ணே."

"சரி, அந்தக் கொறட்டைய மட்டும் எடுத்துருவோமா? செத்தவங்கள சொல்றது..."

"எடுத்தா ஏழு வரி ஆயிடும்ணே."

அந்த முனையில் பெருமூச்சு விட்டார். "என் பேர மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க" என்றார். இப்போது சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் ஷரபுதீன் அண்ணன் கடைக்கு வழக்கம்போல் தே தாரிக் குடிக்கப் போனேன். நான் உள்ளே காலை வைத்ததும் கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ரொட்டி தட்டுகிற கல்லில் ரொட்டி கருகுகிறது, யாரும் கவனிக்கவில்லை. ஷரபுதீன் அண்ணன் கல்லாவை விட்டு இறங்கி வந்து, பேப்பரை நாலாக மடித்து என் முன்னால் வைத்து, "இது நீதானேடா?" என்றார். குமுதா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வரியும் அப்படியே, எழுத்துப் பிசகாமல்.

"ஆமாண்ணே."

"கொறட்டைன்னு போட்டுருக்க."

"ஆமாண்ணே."

பக்கத்து மேசையில் இருந்த ஒருவர், எனக்கு அவரைத் தெரியவே தெரியாது மச்சான், நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "தம்பி, செத்துப்போன பொம்பளய பத்தி இப்படி எழுதலாமா? தெய்வமாயிட்டாங்க அவங்க" என்றார். இன்னொருவர், "ஏன், தெய்வம் தூங்காதா? தூங்குனா கொறட்ட வராதா?" என்றார். இருவருக்கும் அங்கேயே வாக்குவாதம். அதற்குள் ஷரபுதீன் அண்ணனின் மனைவி பதுருன்னிசா அக்கா சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து, "இருபத்தாறு வருஷமா இந்த மனுசன் கூடப் படுக்குறேன், என் கொறட்டய பத்தி ஒரு வரி எழுதியிருப்பாரா? அந்தப் புள்ள குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த கரண்டியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழம்பு கண்ணில் பட்டு அது ஒரு கலாட்டா. கடையில் இருந்த ஆண்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுச் சத்தத்தை நினைத்துப் பார்த்திருப்பார்கள் போல.

அப்போதுதான் அத்தை போன் வந்தது. மேசையில் வைத்திருந்தேன். ஸ்பீக்கரில் போடவில்லை. போடவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"மாப்ள! என் மவ கொறட்ட விட்டான்னு பேப்பர்ல போட்டுட்டீங்களே மாப்ள! பொம்பளப் புள்ளய இப்படி ஊரு பூரா... கோயில்ல எப்படி நான் மூஞ்சக் காட்டுவேன்? அவ பூ மாதிரி தூங்குவாளே! நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா?"

கடை முழுக்க இதைக் கேட்டுக்கொண்டு இருந்தது. "தெரியும் அத்தை, தெரியும் அத்தை" என்றுதான் சொல்ல முடிந்தது. அடுத்து நீங்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கே தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. "டேய், மூளை இருக்கா லா ஒனக்கு? கவிதை போடுன்னா குவாட்டர்ஸ் ரிப்பேர் லிஸ்ட் மாதிரி போட்டு வச்சிருக்க! ஆபீஸ் ஆளுங்க எல்லாம் போன் போட்டுக் கேக்குறானுங்க, 'தேவன், ஒங்க வீட்ல எல்லாருக்குமா?'ன்னு! பேப்பர்ல மறுப்பு போடாம பூஜைப் பக்கம் வந்துடாத!" பிறகு தினேஸ்வரிக்குப் பேசி வைத்திருக்கும் கோலா கங்சார் மாப்பிள்ளையின் தாயார் காலை ஏழு மணிக்கே உங்களைக் கூப்பிட்டு, இது பரம்பரையாக வருவதா என்று கேட்டதையும் சொன்னீர்கள். மச்சான், ஒரு டெக்னிஷியனாகச் சொல்கிறேன், அது நியாயமான கேள்விதான். வாங்குகிறவர் வாங்குவதற்கு முன்னால் சத்தத்தைப் பற்றி விசாரிக்கத்தான் செய்வார். ஆனால் அந்த நேரத்தில் அதை நான் உங்களிடம் போனில் சொன்னது தப்பு. அதற்குத்தான் ப்ளாக் பண்ணினீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எனக்கு உண்மையில் தூக்கிவாரிப்போட்டது அதற்குப் பிறகுதான். திங்கட்கிழமை லகாட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் ஏணி மேல் நின்று, தலையைச் சீலிங்குக்குள் விட்டு வேலை செய்துகொண்டிருக்கிறேன், கீழேயிருந்து யாரோ கால்சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

"மேல இருக்குறது மகேந்திரனா?"

"யாருங்க?"

"மாயாண்டி. எங்கப்பாவுக்கு வர்ற மாசம் மூணாவது வருசம். நீங்கதான் சத்தத்துல எழுதுறீங்களாமே. ஷரபுதீன் கடையில சொன்னாங்க."

அவருக்கு அறுபது வயது இருக்கும். நான் கவிஞன் இல்லை ஐயா, நான் ஏர்கோன் என்று சீலிங்குக்குள்ளிருந்தே சொல்லிப் பார்த்தேன். அவர் கால்சட்டையை விடவில்லை. இறங்கினால்தான் மானம் தப்பும் என்று இறங்கினேன். அவர் அப்பா ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர், காலையில் தோளில் காண்டாக் கம்பு போட்டு இரண்டு பக்கமும் வாளி தொங்கப் போவாராம், அந்தச் சத்தம்தான் ஞாபகம் என்றார். எனக்குப் பழக்க தோஷம். "வாளி காலியா இருக்கறப்பவா, பாலோட இருக்கறப்பவா?" என்று கேட்டுவிட்டேன்.

"போறப்ப ணங்கு ணங்குன்னு கேக்கும். வர்றப்ப வாளி சத்தம் போடாது தம்பி, நெறஞ்சிருக்கும்ல. மூச்சு வாங்குறது மட்டும்தான் கேக்கும்" என்றார். சொல்லிவிட்டு, அந்த ஏணியையே பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் என்ன செய்வேன்? புது ஏர்கோன் ஃபில்டர் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, 'போகும்போது வாளி பேசியது, வரும்போது அப்பா மூச்சு' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டே போனார். அவர் சொன்னதைத்தான் நான் எழுதினேன் மச்சான், சத்தியமாக நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

அன்று மாலையே அப்பாவு அண்ணன் போன். "தம்பி, பதினாலாம் நம்பர் படுத்துருச்சி. மூணு குடும்பம் வந்து சத்தக் கவிதைதான் வேணும்னு நிக்கிறாங்க. அதுல ஒருத்தருக்கு மாமியாருக்கு வேணுமாம்."

"எப்ப தவறினாங்க?"

"இன்னும் இல்ல. முன்கூட்டியே எழுதி வச்சிக்கலாமான்னு கேக்குறாரு. அவங்களுக்குச் சத்தம் நெறைய இருக்காம்."

இப்படி ஊரில் யார் யாரோ வந்து என்னிடம் ஒரு இருமலையும், ஒரு மோட்டார்சைக்கிளையும், வெற்றிலை இடிக்கிற உரலையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லாம் என் காதில் தெளிவாகக் கேட்கிறது. நான் பார்த்தே இராத மனிதர்களின் இருமலை என்னால் எழுத முடிகிறது. ஆனால் மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், குமுதா சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. செருப்பு கேட்கிறது, ஆனால் அது யார் செருப்பாகவும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது. சரணத்தின் மெட்டு போய்விட்டது. நேற்றுக் காலை படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குறட்டையைக் கேட்டுப் பார்த்தேன். வந்தது, ஆனால் சரியாக இல்லை. ஏதோ குறைகிறது. என்ன குறைகிறது என்று தெரியவில்லை. காதை வைத்துச் சம்பாதிக்கிற எனக்கு என் பெண்டாட்டி சத்தம் தெரியவில்லை. அதனால்தான் நீங்கள் அந்த வரியை மறுக்கச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். என்னிடம் மிச்சம் இருப்பது எட்டு வரி. ஒன்றை இல்லை என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஏழு.

இருந்தாலும் பரவாயில்லை. அவள் அண்ணன் வீட்டுப் பூஜையில் அவள் புருஷன் இல்லாமல் இருக்கக்கூடாது. மறுப்பை அப்பாவு அண்ணன்தான் வாசகம் அமைத்துக் கொடுத்தார்: 'கடந்த ஞாயிறு வெளியான நினைவஞ்சலியில் அமரர் குமுதா அவர்கள் குறட்டை விட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது தவறு. அன்னார் தம் வாழ்நாள் முழுதும் அமைதியாக உறங்கியவர் என்பதை உற்றார் உறவினருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஷரபுதீன் அண்ணனிடம் காட்டினேன். "போன வாரம் படிக்காதவனெல்லாம் இந்த வாரம் படிப்பான் லா. விடலன்னு போட்டா, அப்ப விட்டாங்களான்னுதான் கேப்பான்" என்றார். அவர் பேச்சை விடுங்கள். உங்களுக்குத் திருப்தி என்றால் எனக்குத் திருப்தி.

கடிதம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தூக்கமும் பசியும் குறைவில்லாமல் இருக்கவேண்டும். தினேஸ்வரிக்குக் கல்யாணம் நல்லபடி கூடிவரவேண்டும். அக்காவுக்கு என் வணக்கம். அத்தையின் காலில் விழுந்ததாகச் சொல்லுங்கள், பூஜையன்று நேரில் விழுந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட
மகேந்திரன்

பி.கு.: மச்சான், கவர் கிழிந்து செலோடேப் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டித் தபாலாபீஸ் வரைக்கும் கொண்டு வந்துவிட்டுத்தான் கிழித்தேன். வேனை விட்டு இறங்கப் போகிற நேரத்தில் அத்தை போன் பண்ணினார்கள். மத்தியானம் மூன்று மணி. நீங்கள் ஆபீசில் இருக்கும் நேரம் பார்த்துப் பண்ணியிருக்கிறார்கள். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நின்று பேசினார்கள் போல, தகரத்தில் மழை அடிப்பதில் பாதி காதில் விழவில்லை.

"அத்தை, மறுப்பு எழுதிட்டேன். இப்பத்தான் தபால்ல போடப் போறேன்."

"அது கெடக்கட்டும் மாப்ள. ரெண்டாவது வரியில மூச்சு உள்ள போறப்ப மட்டும்னு போட்டீங்களே. அது எப்படி?"

"எப்படின்னா?"

"செஞ்சு காட்டுங்க."

தபாலாபீஸ் வாசலில், நட்ட நடுப் பகலில், கம்பெனி வேனில் உட்கார்ந்து நான் போனில் குறட்டை விட்டேன் மச்சான். ஒரு மலாய்க்கார அம்மா கண்ணாடியைத் தட்டி உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். கையால் சைகை காட்டி அனுப்பிவிட்டு இன்னொரு தரம் விட்டேன்.

"அப்படி இல்ல மாப்ள. நீங்க போடுறது அவங்கப்பா கொறட்ட. அவளுக்குக் கடைசியில ஒரு விசில் வரும். சின்னதா. அஞ்சு வயசுலேருந்து அப்படித்தான். தேவன்தான் பக்கத்துல படுக்க மாட்டேன்னு அழுவான்" என்றார்கள். பிறகு அவர்களே போட்டுக் காட்டினார்கள்.

நான் வேனின் ஏர்கோனை அணைத்தேன். என்ஜினையும் அணைத்தேன். "இன்னொரு வாட்டி அத்தை" என்றேன். போட்டார்கள். மழை அடிக்கிறது, அதற்கு நடுவில் அந்த விசில். அதுதான் மச்சான். அவளேதான். குறைந்தது அதுதான். நாலு தரம் போடச் சொன்னேன், நாலு தரமும் போட்டார்கள். நாலாவது தரம் பாதியிலேயே அவர்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்த மலாய்க்கார அம்மா மறுபடி வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் ஏன் அத்தை ஞாயிறு அந்தக் கத்து கத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்ல அத்தன பேரு இருந்தாங்க, நான் வேற என்னா சொல்லுவேன்? இத தேவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்கள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இப்போது அதையும் காப்பாற்றவில்லை.

ஆகையால், மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். மறுப்பு இத்துடன் இல்லை, கிழித்துவிட்டேன். வரும் ஞாயிறு இதுதான் வரும், அப்பாவு அண்ணனுக்கு அனுப்பியாகிவிட்டது:

'திருத்தம்: கடந்த ஞாயிறு வெளியான அமரர் குமுதாவின் நினைவஞ்சலியில், இரண்டாவது வரியின் முடிவில் ஒரு சிறு விசில் விடுபட்டுவிட்டது. வருந்துகிறோம். கணவர் மகேந்திரன், தாயார் மங்களம்.'

அத்தையே தன் பெயரைப் போடச் சொன்னார்கள். அதன் பக்கத்தில் அண்ணன் என்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் அப்பாவு அண்ணனுக்குச் சொல்லவேண்டும். ப்ளாக்கை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை அனுப்புங்கள் மச்சான், ஒங்க பேரப் போடட்டுமா?